லெவல் ஒன்றுக்கு இறங்கிய சாமியார்

எங்கள் குடும்பத்தில் ஒரு சாமியார் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்னொரு சாமியாரைத் தயார் செய்துகொண்டிருந்தேன். முதலாவது ஆள் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கத்தோலிக்கச் சாமியார் ஆவதற்காக வெளியூர்க் குருமடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆள் வீடியோ கேமில் வரும் விரல் உயரப் பொம்மை. இவர்களில் யார் சீக்கிரம் மேலே போவார் என்று கேட்டிருந்தால் தயங்காமல் என் ஆளைத்தான் சொல்லியிருப்பேன். மாமாவுக்கு ஒரு லெவல் ஏற ஒரு வருஷம் ஆனது. என் ஆளுக்கு இரண்டு சாயங்காலம் போதும்.

சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையில் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், பிரவுசிங் எல்லாம் ஒரே அறையில். கடையில் உழைத்து ஓய்ந்த கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டு ஹாலுக்கு ஓய்வெடுக்க வந்தது. நான் அதை ஓய்வெடுக்க விடவில்லை. யாரோ ஒரு மாணவர் சிடியை உள்ளேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அதில் இருந்ததுதான் அந்த கேம்.

அந்த கேமில் நுழைந்ததும் முதலில் கேட்கப்படும் கேள்வி, உன் ஆளுக்கு என்ன வேலை என்பது. வாள் வீரன், வில்லாளி, மந்திரவாதி, திருடன், சாமியார் என்று ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிற வீட்டில் வளர்ந்ததால் அதில் எனக்கு உடனே விளங்கிய சொல் பிரீஸ்ட் ஒன்றுதான். அமுக்கிவிட்டேன். பெயர் கேட்டது. மாமாவின் பெயரையே கொடுத்தேன்.

கேமில் சாமியார் வேலை எவ்வளவு சிரமம் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரால் சண்டை போட முடியாது. கையில் ஒரு தடி இருக்கும், அதால் அடித்தால் எதிரிக்கு வலிக்குமா என்பதே சந்தேகம். அவர் வேலை, அடிபட்ட கூட்டாளிகளின் காயத்தை ஆற்றுவது. ஆனால் அரக்கனைக் கொன்றவனுக்குத்தான் புள்ளி ஜாஸ்தி. காயம் ஆற்றியவருக்கு ஏதோ போனால் போகிறதென்று கொஞ்சம் கிடைக்கும். புள்ளி சேர்ந்தால்தான் லெவல் ஏறும். லெவல் ஏறினால்தான் புது மந்திரம், புது உடுப்பு, புது ஊர். நான் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கரண்ட் போவதற்குள் சேவ் பண்ணி, சேவ் பண்ணி, வருஷம் முழுவதும் பாடுபட்டு அவருக்கு வெள்ளை அங்கி வாங்கிக் கொடுத்தேன். ஓரத்தில் தங்கச் சரிகை வைத்த அங்கி. மே மாத லீவுக்கு மாமா வரும்போது காட்ட வேண்டும் என்பதுதான் என் லட்சியமாக இருந்தது.

மாமாவின் கதையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு விடாத காய்ச்சல் வந்து, டாக்டரே கையை விரித்துவிட்டாராம். பிழைத்தால் இவனை உனக்கே கொடுத்துவிடுகிறேன் என்று தாத்தா மாதாவிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்தார். பத்தாவது முடித்ததும் குருமடத்துக்குப் போனார். முதல் சில வருஷம், பிறகு தத்துவம், பிறகு ஏதாவது ஒரு பங்குக் கோயிலில் வேலை, பிறகு இறையியல், பிறகுதான் குருப்பட்டம். மாமாவுக்கு அங்கி கொடுத்த அன்று தாத்தா ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வீட்டில் யாரும் அவனை டா போட்டுப் பேசக் கூடாது, குருமடத்தில் கூப்பிடுவதுபோல் பிரதர் என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா தூக்கி வளர்த்த தம்பியை வாங்க பிரதர், சாப்பிடுங்க பிரதர் என்றாள். தாத்தாவும் தான் போட்ட சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு, பெற்ற பிள்ளையை வாங்க போங்க என்றார். மாமா என்று கூப்பிட என் ஒருத்திக்கு மட்டும் அனுமதி இருந்தது, சிறுபிள்ளை என்பதால்.

அதிகம் கஷ்டப்பட்டது அப்பாதான். மச்சானைக் கிண்டல் செய்யாமல் அப்பாவால் இருக்க முடியாது. அது அவர் பிறப்புரிமை. அங்கி வந்த பிறகு, மாமா வீட்டுக்குள் நுழைந்தாலே அப்பா எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, பயணம் சௌகரியமா பிரதர் என்பார். அப்புறம் பேச எதுவும் இருக்காது. கடையில் வேலை இருப்பது ஞாபகம் வந்து போய்விடுவார்.

அந்த மே மாதம் மாமா முதலில் கடலூரில் தாத்தா வீட்டுக்குப் போகாமல் நேராகச் சிதம்பரம் வந்தார். நான் அவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவர் தன் பெயரைத் திரையில் பார்த்ததும் சிரித்தார். பிறகு சிரிக்காமல் பார்த்தார்.

“இவரு சண்ட போடமாட்டாரா?”

“மாட்டாரு. மத்தவங்களுக்கு அடிபட்டா சரி பண்ணுவாரு.”

“அவருக்கு அடிபட்டா?”

“அவரேதான் பாத்துக்கணும் மாமா. கேமுல வேற சாமியார் கெடையாது.”

மாமா ஆட்டத்தை வேகமாகப் பிடித்துக்கொண்டார். காலையில் நான் எழுந்து வரும்போதே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பார். குருமடத்தில் படிக்கிறவர் இப்படி விளையாடலாமா என்று அம்மாவுக்கு யோசனை. ஆனால் பிரதரை எப்படிக் கேட்பது? எனக்கோ பெருமை. பெரியவர் ஒருவர் என்னிடம் சந்தேகம் கேட்டுக் கேட்டு விளையாடுகிறார் என்பதில் தலைகால் புரியவில்லை.

அந்த கேமில் மலை உச்சியில் ஒரு கோயில் உண்டு. அங்கே போய் மணி அடித்தால் வேலையை மாற்றிக்கொள்ளலாம். வீரன் மந்திரவாதி ஆகலாம், மந்திரவாதி வில்லாளி ஆகலாம். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. காரணம், வேலையை மாற்றினால் ஏறிய லெவல் எல்லாம் போய் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் மாமா அந்தக் கோயில் வாசலில் ஆளை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

“இங்க மாத்துனா, இதுவரைக்கும் கத்துக்கிட்ட மந்திரம்லாம் போயிடுமா?”

“அது போவாது. கத்துக்கிட்டது கூடவே இருக்கும். லெவல்தான் ஒண்ணுக்கு வந்துடும். அங்கியையும் கழட்டிடுவாங்க.”

“கூட வர்ற மூணு பேரு? அவுங்க வுட்டுட்டுப் போயிடுவாங்களா?”

இவ்வளவு விளையாடியும் இது தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல். “அவுங்க எங்க மாமா போவாங்க? கூடத்தான் வருவாங்க. கொஞ்ச நாளைக்கு இவரு பின்னாடி நிக்கணும். அவுங்க முன்னாடி நின்னு அடிய வாங்கிப்பாங்க. இவருக்கு லெவல் ஏறுற வரைக்கும்.”

“அதுக்கு அவுங்க கோச்சிக்க மாட்டாங்களா?”

“கேமுல கோச்சிக்கறதுலாம் இல்ல மாமா,” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆளைக் கோயில் வாசலிலிருந்து திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்.

அடுத்த வாரம் எங்கள் பங்குக் கோயிலில் விடுமுறை விவிலியப் பள்ளி தொடங்கியது. பிள்ளைகளுக்குக் கையைக் காலை ஆட்டிப் பாடச் சொல்லிக்கொடுக்க, ஊரில் இருக்கும் பிரதர் வருவார் என்று பங்குச் சாமியார் பூசையிலேயே அறிவித்துவிட்டார். முதல் இரண்டு நாள் மாமா வந்தார். நன்றாகவே பாடினார். மூன்றாம் நாள் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் மட்டும் போய்விட்டு, வெயிலில் வாடிப்போய் மத்தியானம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

தங்கச் சரிகை அங்கியைக் காணோம். மாமாவின் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே லெவல் ஒன்று என்றிருந்தது. கோணிச் சாக்கு மாதிரி ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு என் சாமியார் நின்றுகொண்டிருந்தார். வேலை, திருடன். அதை சேவ் வேறு பண்ணி வைத்திருந்தார், பழையதன் மேலேயே.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். ஒரு வருஷ உழைப்பு என்றேன். என் சாமியாரைத் திருடனாக்கிவிட்டார் என்றேன். தரையில் விழுந்து புரண்டேன். இத்தனைக்கும் நடுவில் மாமா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“பிரதர் தெரியாம எதையோ அமுக்கிட்டாரு. இதுக்குப் போயி இப்டி கத்துவியா?” என்று அம்மா என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

“தெரியாமல்லாம் இல்லக்கா,” என்றார் மாமா. “தெரிஞ்சிதான் மாத்தனேன். நானும் இனிமே திரும்பிப் போவல. வந்ததுலேர்ந்து சொல்லணும்னு பாக்கறேன், வாயி வரல.”

உள்ளே குக்கர் கத்தியது. அம்மா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தரையில், மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அங்க யாருன்னா எதுன்னா சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. நல்லாதான் பாத்துக்கறாங்க. எனக்குத்தான் அது இல்லக்கா. ஜெபம் பண்ண உக்காந்தா வேற எவனோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.”

“வேற ஏதாச்சும்... பொண்ணு கிண்ணுன்னு...”

“அப்டி இருந்தாக்கூட சொல்றதுக்கு சுலபமா இருந்திருக்கும்,” என்றார் மாமா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அப்பாகிட்ட யாருடா சொல்றது?” என்று கேட்டாள். எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபமான கோபம். என் சாமியாரைப் பற்றிய பேச்சை யாருமே மறுபடி எடுக்கவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த அப்பாவிடம் அம்மா சமையலறையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அப்பா வெளியே வந்தார். வழக்கம்போல் பொத்தானைச் சரிபார்க்கக் கை போயிற்று. பாதியில் நிறுத்திவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏன் மச்சான், அப்ப என் பாவத்தலாம் சொல்லச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் கேக்க நீ வரமாட்டியா?”

“மாட்டேன் மாமா.”

“ஸ்தோத்திரம். இத்தினி வருசமா அத நெனச்சிதான் எனுக்குத் தூக்கமே வரல.”

மாமா சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்பா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். வேலையில்லாமல் கிடந்த கிண்டல் எல்லாம் அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் வட்டியும் முதலுமாக வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் நாலு பேரும் கடலூருக்கு பஸ் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்வரை அப்பா பேசிக்கொண்டு வந்தார். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து விடுவதும் இறக்கி விடுவதுமாக இருந்தார்.

தாத்தா வீடு ஓ.டி. என்கிற கடலூர் பழைய டவுனில், ஸ்டேஷனுக்குப் பின்னால். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவைப் பெற்ற ஆயா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோய்விட்டதால் தனியாகத்தான் இருந்தார், தானேதான் சமைப்பார். பிள்ளை வருகிறான் என்று அன்று சங்கரா மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படம், அதன் கீழே சிவப்பாக ஒரு சின்ன பல்பு. அதற்கு நேர் எதிரே கைவைத்த நாற்காலியில் மாமாவை உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டார்.

தாத்தா கத்துவார் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. “யாரு இத உனக்கு சொல்லிக்குடுத்தது?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா ஒரு எட்டு முன்னால் வந்தார். “நான்தான் மாமா சொன்னேன். புடிக்கலன்னா வந்துடுன்னு நான்தான் சொன்னேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க.”

அப்பா இப்படிப் புளுகியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “இல்ல தாத்தா. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது. மாமாவுக்கு ரூல்ஸ்லாம் சொல்லிக்குடுத்தது நானு,” என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். தாத்தா என் பக்கம் திரும்பினார்.

“நீ என்னா சொன்ன?”

“வேலைய மாத்துனா லெவல் ஒண்ணுக்கு வந்துடும்னு சொன்னேன். ஆனா கத்துக்கிட்டது போவாதுன்னு சொன்னேன். கூட இருக்கறவங்க வுட்டுட்டுப் போவமாட்டாங்க, கொஞ்ச நாளைக்கு முன்னாடி நின்னு அடி வாங்கிப்பாங்கன்னு சொன்னேன்.”

தாத்தாவுக்கு கேம் என்றால் என்ன, லெவல் என்றால் என்ன என்று ஒன்றும் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

“நான் ஒன்ன மாதாகிட்ட குடுத்துட்டேன்பா,” என்றார் மாமாவிடம். “குடுத்தத எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுத் திருப்பிக் கேப்பேன்?”

“நீங்க கேக்க வேணாம்பா,” என்றார் மாமா. “நான் கேட்டுட்டேன்.”

தாத்தா எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மீன்குழம்பு சமையல் மேடையில் ஆறிக்கொண்டிருந்தது. யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் பசித்தது, சொல்லப் பயம். உள்ளே அவர் ஜெபமாலை சொல்லும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கதவு திறந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. தாத்தாவின் கண் சிவந்திருந்தது. குழம்பைச் சூடு பண்ணினார். அம்மா உதவிக்குப் போனதற்கு, நீ உக்காரும்மா என்றுவிட்டார்.

அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று இருக்கும். வீடு மந்திரிக்கச் சாமியார் வந்தால் அதில்தான் சாப்பாடு. மாமா அங்கி வாங்கிய பிறகு அவருக்கும் அதில்தான். தாத்தா பழக்க தோஷத்தில் அலமாரியைத் திறந்து அந்தத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளேயே வைத்து மூடினார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் துழாவி, காகிதத்தில் சுற்றிய ஒரு பழைய எவர்சில்வர் தட்டை இறக்கினார். விளிம்பு நசுங்கியிருந்தது. அதைத் தேய்த்துக் கழுவி மாமா முன்னால் வைத்தார். ஓரத்தில் புள்ளி புள்ளியாக மாமாவின் பெயர் வெட்டியிருந்தது.

“சாப்புடுடா,” என்றார்.

மாமா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைக்கிறவர், அன்று தலையைக்கூட நிமிர்த்தாமல், இன்னும் கொஞ்சம் சோறு போடுப்பா என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினார். தாத்தா மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

கேமில் நடந்தது அப்படியே நடக்கிறது, நல்லதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு நசுங்கின சாமானைக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மாமாவை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் திரும்பி வரும்போது, பஸ்ஸில் அம்மாவிடம் சொல்லவும் சொன்னேன். “பாவம்மா மாமா. தட்டக்கூட மாத்திட்டாங்க. எத்தினி பழைய தட்டு!”

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். தாத்தா வீட்டில் இருந்த, அவள் பெயர் வெட்டிய தட்டு, அவளுக்குக் கல்யாணமான மறு வருஷமே பாத்திரக்காரனிடம் போய் அதற்குப் பதிலாக இட்லிப் பானை வந்துவிட்டது என்று எத்தனையோ முறை சொல்லிக் குறைபட்டிருக்கிறாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையை மாதாவுக்கே கொடுத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த தாத்தா, அவன் தட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் இத்தனை வருஷம் காகிதத்தில் சுற்றிப் பரணில் ஏன் வைத்திருந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.